டெக்சஸ் கிராமத்தில் வீடு வாங்கினால் சொத்து வரியைப் புரிந்துகொள்வது எப்படி?

ஆஸ்டின், டாலஸ் பக்கம் வேலை பார்த்துக்கொண்டு, நகரத்தை விட்டுத் தள்ளி ஒரு கிராமப்புறக் கவுண்டியில் வீடு வாங்கியிருக்கிறீர்களா? டெக்சஸில் மாநில வருமான வரி கிடையாது. அதனால் பள்ளி முதல் தீயணைப்பு வண்டி வரை பல செலவுகளும் உங்கள் வீட்டின் மேல் வந்து உட்காரும். என் முதல் பில் வந்தபோது, "மதிப்பு அதிகம்" என்று சொல்ல வரி வசூல் அலுவலகத்துக்குப் போனேன். மதிப்பை மாற்றும் அதிகாரம் அங்கே இல்லை, ஆட்சேபிக்கும் கெடுவும் மே மாதமே முடிந்துவிட்டது என்றார்கள். அந்த அலைச்சல் உங்களுக்கு வேண்டாம்.

முதல் படி: மூன்று கைகளைப் பிரித்துப் பாருங்கள்

பில் ஒன்றுதான். ஆனால் அதற்குப் பின்னால் மூன்று தரப்பு இருக்கிறது. வீட்டின் மதிப்பைப் போடுவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட். ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 1 அன்று வீடு எப்படி இருந்ததோ அதற்குத்தான் மதிப்பு. வரி விகிதத்தை முடிவு செய்வது கவுண்டி ஆணையர்கள், பள்ளி மாவட்டம், அவசர சேவை மாவட்டம் போன்றவை. பணம் வாங்குவது வரி வசூல் அலுவலகம். அந்த அதிகாரியின் பதவிப் பெயரிலேயே 'அசெசர்' (மதிப்பிடுபவர்) என்று இருப்பதால், அவர்தான் மதிப்புப் போடுகிறார் என்று நிறைய பேர் நினைத்துவிடுகிறார்கள்.

மதிப்பு பற்றிய குறையை வசந்த காலத்தில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிடம் சொல்ல வேண்டும். விகிதம் பற்றிய குறையை ஆகஸ்ட், செப்டம்பரில் நடக்கும் பொதுக் கூட்டங்களில் சொல்ல வேண்டும். பில் கைக்கு வரும் அக்டோபரில் இரண்டுக்குமே நேரம் கடந்திருக்கும்.

இரண்டாம் படி: ஹோம்ஸ்டெட் விலக்கு

நீங்களே குடியிருக்கும் வீடு என்றால் இதற்கு உடனே விண்ணப்பியுங்கள். 2025 முதல் பள்ளி வரிக்கு, வீட்டு மதிப்பில் 1,40,000 டாலர் கழிக்கப்படுகிறது. 65 வயது ஆனவர்களுக்கு மேலும் 60,000 டாலர். அவர்களுடைய பள்ளி வரித் தொகையும் அதற்கு மேல் ஏறாதபடி நிறுத்தி வைக்கப்படும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். விகிதங்கள் உதாரணத்துக்காக நான் வைத்தவை. 100 டாலர் மதிப்புக்கு இவ்வளவு என்று படிக்க வேண்டும். வீடு 3,20,000 டாலர். பள்ளி விகிதம் 1.00, கவுண்டி 0.45, அவசர சேவை 0.10. விலக்கு இல்லாவிட்டால் 3,200 + 1,440 + 320, மொத்தம் 4,960 டாலர். விலக்கு இருந்தால் பள்ளி வரி 1,80,000 டாலருக்கு மட்டும்தான், மொத்தம் 3,560. ஒரே ஒரு படிவம், 1,400 டாலர் மிச்சம்.

விண்ணப்பம் இலவசம். "நாங்கள் செய்து தருகிறோம், கட்டணம் அனுப்புங்கள்" என்று வரும் கடிதங்களுக்குக் காசு கொடுக்காதீர்கள். ஓட்டுநர் உரிமத்தில் இருக்கும் முகவரி வீட்டு முகவரியோடு ஒத்துப்போக வேண்டும், அதை முதலில் மாற்றிவிடுங்கள். விலக்கு கிடைத்த பிறகும், ஐந்தாண்டுக்கு ஒரு முறையாவது அப்ரைசல் டிஸ்ட்ரிக்ட் அதைச் சரிபார்க்க வேண்டும் என்பது 2023 முதல் சட்டம். அந்தக் கடிதம் வந்தால் பதில் போடுங்கள்.

புது வீடு கட்டியவர்கள் கவனிக்க

ஜூனில் வீடு முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று அங்கே இருந்தது வெறும் மனை, அதனால் வரி மனைக்கு மட்டும். அடுத்த ஆண்டு முழு வீட்டுக்கும் வரும். மனை வரியை வைத்து வங்கி எஸ்க்ரோவில் (வரிக்காக மாதத் தவணையோடு சேர்த்துப் பிடித்து வைக்கும் கணக்கில்) கொஞ்சமாகப் பிடித்து வந்திருந்தால், திடீரென்று மாதத் தவணை எகிறும். ஹோம்ஸ்டெட் வீட்டின் வரி மதிப்பு ஆண்டுக்கு 10 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்ற வரம்பு இங்கே உங்களைக் காப்பாற்றாது. புதிதாகக் கட்டிய பகுதி அந்த வரம்புக்குள் வராது. வரம்பே விலக்கு கிடைத்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டுதான் தொடங்கும். முதல் ஆண்டே கொஞ்சம் பணத்தைத் தனியாக ஒதுக்கி வையுங்கள்.

மூன்றாம் படி: நிலத்தையும் பாருங்கள்

கிராமத்தில் வீட்டோடு சில ஏக்கர் நிலமும் சேர்ந்து வரும். முந்தைய உரிமையாளர் மாடு மேய்த்தோ வைக்கோல் வெட்டியோ விவசாய மதிப்பீடு வாங்கியிருந்தால், அந்த நிலத்துக்கு வரி மிகக் குறைவாக இருக்கும். அது தானாக உங்கள் பெயருக்கு மாறாது. ஏப்ரல் 30க்குள் நீங்கள் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், விவசாயமும் உண்மையிலேயே நடக்க வேண்டும். 5 முதல் 20 ஏக்கர் வரையுள்ள நிலத்தில் தேனீ வளர்ப்பும் விவசாயமாகவே கணக்கில் வரும். நிலத்தை வேறு பயன்பாட்டுக்கு மாற்றினால், கடந்த மூன்று ஆண்டு வரி வித்தியாசத்தைத் திருப்பிக் கேட்பார்கள். இதை வாங்குவதற்கு முன்பே விசாரியுங்கள், அப்புறம் வருத்தப்பட்டுப் பயனில்லை.

நான்காம் படி: மதிப்பை ஆட்சேபிப்பது

ஏப்ரல் வாக்கில் அப்ரைசல் டிஸ்ட்ரிக்டிடமிருந்து மதிப்பு அறிவிப்பு வரும். அது பில் அல்ல, அதற்காகத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். மே 15, அல்லது அறிவிப்பு அனுப்பிய நாளிலிருந்து 30 நாள், இதில் எது பிந்தையதோ அதுதான் கெடு.

முதலில் அவர்கள் பதிவில் இருக்கும் சதுர அடி, குளியலறை எண்ணிக்கை, ஏக்கர் கணக்கு எல்லாம் சரியா என்று பாருங்கள். டெக்சஸில் விற்பனை விலையை அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. கிராமத்தில் விற்பனையே குறைவு. அதனால் அவர்கள் ஒப்பிட எடுத்திருக்கும் வீடுகள் உங்கள் வீட்டுக்குச் சம்பந்தமில்லாமல்கூட இருக்கலாம். உங்கள் ஆட்சேபணை மீதான விசாரணைக்கு 14 நாள் முன்னால் அவர்களுடைய ஆதாரங்களைக் கேட்டு வாங்கும் உரிமை உங்களுக்கு உண்டு, கட்டாயம் கேளுங்கள். உங்கள் பக்கம் கிணற்றுப் பழுது, செப்டிக் டேங்க் பிரச்சினை, விரிசல் விட்ட அடித்தளம் என்று எது இருந்தாலும் புகைப்படம் எடுத்து, பழுதுபார்க்கும் செலவு மதிப்பீட்டோடு கொண்டு போங்கள். "வரி கட்ட முடியவில்லை" என்பது அங்கே எடுபடாது, "இந்த வீடு அந்த விலைக்குப் போகாது" என்பதுதான் பேச்சு. விசாரணைக்கு முன்பே மதிப்பீட்டாளரிடம் உட்கார்ந்து பேசிப் பாருங்கள். சின்ன அலுவலகங்களில் நிதானமாகப் பேசினால் காது கொடுத்துக் கேட்பார்கள்.

ஐந்தாம் படி: பணம் கட்டுவது

கடைசி நாள் ஜனவரி 31. எஸ்க்ரோ இருந்தால் வங்கி கட்டிவிடும், ஆனாலும் கட்டிவிட்டார்களா என்று இணையத்தில் பார்த்துவிடுங்கள். பிப்ரவரி பிறந்தால் அபராதமும் வட்டியுமாக 7 சதவீதம் சேரும். ஜூலைக்குள் அது 18 சதவீதமாகி, வசூல் வழக்கறிஞர் கட்டணமாக இன்னும் 20 சதவீதம் வரை ஏறலாம். கட்ட முடியாத நிலை என்றால் ஒளிந்துகொள்ளாமல் அலுவலகத்துக்குப் போய்த் தவணை கேளுங்கள். ஹோம்ஸ்டெட் வீட்டுக்கு, கடந்த 24 மாதங்களில் தவணை ஒப்பந்தம் எதுவும் போடாமல் இருந்தால், 12 மாதமாவது அவகாசம் கொடுத்தாக வேண்டும் என்பது சட்டம்.