கம்ப்யூட்டர் ராமின் சூட்டைத் தணித்த விதம்

வீடியோ எடிட்டிங்குக்காகப் போன கோடையில் புது கம்ப்யூட்டர் சேர்த்தேன். டிடிஆர்5 ராம் (தற்காலிக நினைவகம்), 6000 வேகம், 16 ஜிபி இரண்டு. ராமை அதன் முழு வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி அமைப்பைப் போட்டு, ராமில் பிழை தேடும் மெம்டெஸ்ட்86 இரவு முழுக்க ஓடியும் ஒரு பிழை இல்லை. ஆனால் ரெண்டர் (எடிட் செய்ததை முழு வீடியோவாக உருவாக்கும் வேலை) தொடங்கி முக்கால் மணி நேரத்தில் நீலத் திரை வந்து கம்ப்யூட்டர் நின்றுவிடும்.

மூன்று நாள் கழித்துத்தான் பிடிபட்டது: மெம்டெஸ்ட் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டு சும்மா இருக்கிறது. ரெண்டரில் அதன் அனல் நேராக ராம் மீது ஏறுகிறது. டிடிஆர்5-இல் மின்னழுத்தத்தைச் சீராக்கும் சிப்பும் ராம் பலகையிலேயே இருப்பதால் அந்தச் சூடும் சேரும். நல்லவேளை, வெப்ப உணரியும் அதிலேயே உண்டு. பார்த்தால் 71 டிகிரி!

இன்னொன்றும் இருந்தது. வேகத்துக்காக பயாஸில் (கம்ப்யூட்டரின் அடிப்படை அமைப்புத் திரை) டிரெஃபை (tREFI) மதிப்பை 65535 ஆக்கியிருந்தேன். அதாவது, தரவைத் தாங்கும் ராம் செல்களில் மின்னூட்டத்தைப் புதுப்பிக்கும் இடைவெளியை நீட்டியிருந்தேன். சூடு ஏறினால் மின்னூட்டம் சீக்கிரம் கசியும். இடைவெளி நீண்டால் தரவு கெடும்.

அதை ஆட்டோவுக்கே மாற்றினேன். அப்புறம் பழைய 120 மிமீ ஃபேன் ஒன்றை, ராம் மீது காற்று படும்படி கேபிள் டை போட்டுக் கட்டினேன். இப்போது ரெண்டரிலும் 54 டிகிரிதான். நீலத் திரை திரும்ப வரவில்லை. ராம் மேலே ஒட்டியிருக்கும் அலுமினியத் தகட்டை மட்டும் நம்பாதீர்கள், காற்று ஓடினால்தான் அதற்கு வேலை.