பழைய 350 செவி வி8-ல (செவ்ரலேவோட 350 க்யூபிக் இன்ச் இன்ஜின்) கார்புரேட்டரை கழட்டிட்டு இஎஃப்ஐ (பெட்ரோலை எலக்ட்ரானிக்கா அளந்து தெளிக்கிற சிஸ்டம்) போடணுமா

முதல்ல ஒண்ணு சொல்லிடறேன், இன்ஜின் நல்ல கண்டிஷன்ல இருந்தா மட்டும் இறங்குங்க, வாக்யூம் லீக் (வெளிக்காத்து தப்பான வழியில உள்ள போறது) இருக்குற இன்ஜின்ல எவ்ளோ நல்ல இஎஃப்ஐ கிட் போட்டாலும் சரியா ஓடாது. ஃபோர் பேரல் மேனிஃபோல்டு (நாலு வாய் கார்புரேட்டர் உக்கார்ற இன்டேக் பாகம்) இருந்தா த்ராட்டில் பாடி கிட் (காத்து வழியும் இன்ஜெக்டரும் ஒண்ணா இருக்குற இஎஃப்ஐ கிட்) எடுத்துக்கோங்க, கார்புரேட்டர் இருந்த அதே இடத்துல போல்ட் போட்டு உக்காந்துடும்.

உண்மையான வேலையே ஃப்யூல் லைன்லதான். பழைய மெக்கானிக்கல் பம்ப் 5-7 பிஎஸ்ஐ பிரஷர்தான் தரும், இஎஃப்ஐக்கு கிட்டத்தட்ட 58 வேணும், அதனால அதை எடுத்துட்டு அந்த ஓட்டைக்கு பிளேட் போட்டு மூடுங்க, டேங்குக்குள்ளயே எலக்ட்ரிக் பம்ப் வைங்க, பெட்ரோல்லயே மூழ்கி இருக்கறதால சூடாகாது, சத்தமும் கம்மி. பழைய ரப்பர் ஹோஸை மட்டும் தயவுசெஞ்சு விட்டு வைக்காதீங்க, அந்த பிரஷர்ல பிச்சுக்கிட்டு சூடான இன்ஜின் மேல பெட்ரோல் அடிச்சா வண்டியே எரிஞ்சுடும், இஎஃப்ஐ ஹோஸ்தான் போடணும்.

ஆக்சிஜன் சென்சாரை எக்ஸாஸ்ட் பைப்போட மேல்பக்கமா, கொஞ்சம் சாய்வா வெல்டு பண்ணுங்க, கீழ வச்சா தண்ணி தேங்கி சென்சார் கெட்டுப் போயிடும். இசியு (இஎஃப்ஐயை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டர்) பவர் வயரையும் எர்த்தையும் நேரா பேட்டரிக்கே இழுங்க, பிளக் வயர் பக்கத்துல கொண்டு போகாதீங்க.

ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பம்பை மட்டும் ஓடவிட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டா கையால தடவிப் பாருங்க, ஈரம் தட்டுனா அங்கயே நிறுத்திடுங்க.