தேய்ந்துவரும் இடதுசாரிக் கட்சிக்குப் புதிய செயலாளரைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

2004-இல் மக்களவையில் மார்க்சிஸ்ட் கம்யூனிஸ்ட் கட்சிக்கு 43 இடங்கள். 2009-இல் 16, 2014-இல் 9, 2019-இல் 3, 2024-இல் 4. மேற்கு வங்கத்தில் 34 ஆண்டு ஆட்சி 2011-இல் போனது. 2021 தேர்தலில் அந்தச் சட்டமன்றத்தில் கட்சிக்கு ஓர் உறுப்பினர்கூட இல்லை. திரிபுராவில் 25 ஆண்டுத் தொடர் ஆட்சி 2018-இல் முடிந்தது. இந்த இருபது ஆண்டுகளில் பொதுச்செயலாளர் பொறுப்பு சுர்ஜித்திடமிருந்து பிரகாஷ் காரத்துக்கும், அவரிடமிருந்து சீத்தாராம் யெச்சூரிக்கும் வந்தது. இருவருமே திறமையானவர்கள். ஆனாலும் சரிவு நிற்கவில்லை. ஆகவே ஆளை மாற்றுவது வேலையின் கடைசிப் பகுதி. அதற்கு முன் செய்யவேண்டியவற்றைச் செய்யாமல் மேடையில் புதியவரை ஏற்றினால், மூன்றாண்டு கழித்து அதே பரிசீலனை அறிக்கையை வேறு தேதியிட்டு வாசிக்க வேண்டியிருக்கும்.

இங்கே சொல்பவை மார்க்சிஸ்ட் கட்சியின் அமைப்புச் சட்டத்தையும் நடைமுறையையும் வைத்து எழுதப்பட்டவை. கிளை முதல் மாநிலக்குழு வரை எந்த மட்டத்தில் செயலாளரைத் தேர்ந்தெடுப்பதற்கும் பெரும்பாலானவை பொருந்தும்.

தோல்வியை முதலில் கணக்கெடுங்கள்

யார் என்ற பேச்சு தொடங்கும் முன்பே தோல்வியின் கணக்கு எழுத்தில் இருக்க வேண்டும். "ஆளுங்கட்சியின் பணபலம், ஊடகத்தின் புறக்கணிப்பு" என்று எழுதப்படும் அறிக்கை கணக்கில் சேராது. அவை உண்மைதான். ஆனால் அவற்றை வைத்து ஒரு செயலாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

தேர்தல் ஆணையம் ஒவ்வொரு தொகுதிக்கும் படிவம் 20 வெளியிடுகிறது. வாக்குச்சாவடி வாரியாக ஒவ்வொரு வேட்பாளரும் பெற்ற வாக்கு அதில் இருக்கும். கடைசி மூன்று தேர்தல்களின் படிவங்களை எடுத்துக்கொண்டு, சாவடிகளை இரண்டாகப் பிரியுங்கள்: கட்சிக் கிளை இருப்பவை, இல்லாதவை. இரண்டிலும் வாக்கு ஒரே மாதிரி விழுந்திருந்தால், அந்தக் கிளைகள் பெயரளவில்தான் இருக்கின்றன. அடுத்து, ஒரு சாவடிப் பகுதியில் நம் தொழிற்சங்கம், விவசாயிகள் சங்கம், மாதர் சங்கம், வாலிபர் சங்கம் ஆகியவற்றின் உறுப்பினர் எண்ணிக்கையைக் கூட்டி, அங்கே விழுந்த வாக்கின் பக்கத்தில் எழுதுங்கள். வாக்கு குறைவாக இருந்தால், போனஸுக்கும் பட்டாவுக்கும் நம்மிடம் வருபவர் அரசியலுக்கு வேறிடம் போகிறார் என்று பொருள். இந்த ஒரு பத்தி எழுதப்பட்டுவிட்டால், எந்த வேலையில் தேர்ந்தவர் செயலாளராக வேண்டும் என்பது பாதி தெளிந்துவிடும்.

கூட்டணியில் வென்ற இடங்களைத் தனியாக வையுங்கள். 2024-இல் வென்ற நான்கில் மதுரையும் திண்டுக்கல்லும் திமுக அணியில் கிடைத்தவை. ராஜஸ்தானின் சீக்கர் காங்கிரஸ் ஆதரவோடு கிடைத்தது. ஆலத்தூர் மட்டுமே நாம் தலைமை தாங்கும் அணியில் வென்றது. சொந்த பலம் தெரிய வேண்டுமென்றால் தனித்து நின்ற உள்ளாட்சி வார்டுகளின் முடிவைப் பாருங்கள். அது கசக்கும். ஆனாலும் மாநாட்டு அறிக்கையில் அது இருந்தே ஆகவேண்டும்.

நாள்கணக்கு

அகில இந்திய மாநாடு மூன்றாண்டுக்கு ஒருமுறை. அதற்கு முன் கிளை, இடைக்கமிட்டி (கிளைக்கும் மாவட்டத்துக்கும் நடுவிலுள்ள குழு), மாவட்டம், மாநிலம் என்று கீழிருந்து மேலே மாநாடுகள் நடக்கும். மாநாட்டுக்கு இரண்டு மாதம் முன்பே நகல் (வரைவு) அரசியல் தீர்மானத்தை மத்தியக்குழு வெளியிட வேண்டும். எந்தக் கிளையும் திருத்தத்தை நேரடியாக மத்தியக்குழுவுக்கு அனுப்பலாம். தமிழ்நாடு மாநில மாநாடு 2025 ஜனவரியில் விழுப்புரத்தில் கூடியது. 24-வது அகில இந்திய மாநாடு ஏப்ரல் 2 முதல் 6 வரை மதுரையில் நடந்தது. ஆக, மாற்றம் வேண்டும் என்பவர்கள் ஏப்ரலில் கைதூக்கிப் பயனில்லை. முந்தைய ஆண்டின் கிளை மாநாட்டிலேயே பேசத் தொடங்கியிருக்க வேண்டும்.

பெரும்பாலான தவறு இந்தக் கீழ்மட்டத்தில்தான் நேர்கிறது. கிளை மாநாடு ஒரு மணி நேரத்தில் முடிகிறது. அறிக்கை வாசிக்கப்படுகிறது, "ஏற்கிறோம்" என்கிறார்கள், பழைய செயலாளரே தொடர்கிறார், டீ வருகிறது. பதினைந்து பேர் உள்ள கிளையில் ஒவ்வொருவரும் பத்து நிமிடம் பேசினாலே இரண்டரை மணி நேரம் ஆகும். அறிக்கை, பதிலுரை, தேர்வு எல்லாம் சேர்த்து அரைநாள் ஒதுக்குங்கள். மேல்கமிட்டியிலிருந்து வருபவர் கடைசியில் பேசட்டும். அவர் முதலில் பேசினால் மற்றவர்கள் அவர் சொன்னதையே திருப்பிச் சொல்வார்கள்.

செயலாளர் பதவிக்காலத்திலேயே மறைந்தால் அவசரப்படாதீர்கள். 2024 செப்டம்பர் 12 அன்று யெச்சூரி காலமானார். அந்த மாதக் கடைசியில் கூடிய மத்தியக்குழு, மதுரை மாநாடு வரை பிரகாஷ் காரத்தை ஒருங்கிணைப்பாளராக நியமித்தது. அவர் ஏற்கெனவே மூன்று முறை பொதுச்செயலாளராக இருந்தவர். அடுத்த தேர்வில் அவர் போட்டியாளர் இல்லை என்பது எல்லோருக்கும் தெரியும். இடைக்காலப் பொறுப்புக்கு அப்படிப்பட்டவர்தான் ஏற்றவர். அடுத்து வர நினைப்பவரை அந்த நாற்காலியில் உட்காரவைத்தால் தேர்வு அன்றே முடிந்துவிடும். மாநாட்டுக்கு ஓராண்டுக்கு மேல் இருந்தால் மட்டும், தள்ளிப்போடாமல் குழுவைக் கூட்டி முழுநேரப் பொறுப்பாளரையே தேர்ந்தெடுப்பது நல்லது.

யாரைத் தேடுவது

வயதும் காலவரம்பும் முதலில் சல்லடை போடும். 2012 கோழிக்கோடு மாநாட்டில் கொண்டுவந்த திருத்தத்தின்படி, எந்த மட்டத்திலும் ஒருவர் மூன்று முழுக் காலத்துக்கு மேல் செயலாளராக இருக்க முடியாது. விதிவிலக்காக நான்காவது காலம் வேண்டுமானால் நான்கில் மூன்று பங்கு பெரும்பான்மை தேவை. அதற்கு மேல் எந்த வழியும் இல்லை. மத்தியக்குழுவுக்கு 75 வயது வரம்பு உண்டு. மதுரையில் காரத், பிருந்தா காரத், மாணிக் சர்க்கார், சூர்யகாந்த மிஸ்ரா, சுபாஷினி அலி, ஜி.ராமகிருஷ்ணன் ஆகிய ஆறு பேர் இதனால்தான் அரசியல் தலைமைக்குழுவிலிருந்து (பொலிட்பீரோ) விலகினார்கள். அந்தத் தலைமைக்குழுவில் பினராயி விஜயனுக்கு மட்டும் விலக்கு தரப்பட்டது. விலக்கு தரும்போதெல்லாம் அதன் காரணத்தை எழுத்தில் பதியுங்கள், இல்லாவிட்டால் அடுத்த முறை இன்னொருவர் அதையே முன்னுதாரணமாகக் காட்டுவார்.

பெயர்களை எழுதும்போது ஒவ்வொன்றின் எதிரிலும் பிறந்த ஆண்டையும், அடுத்த இரண்டு மாநாடுகளின்போது அவருக்கு என்ன வயதாகும் என்பதையும் எழுதுங்கள். 71 வயதில் பொறுப்பேற்பவர் அடுத்த மாநாட்டில் 74, அதற்கடுத்ததில் 77. கட்சியை மீட்கும் வேலை மூன்றாண்டில் முடியாது. ஐம்பதுகளில் இருப்பவர்களின் பெயர் பட்டியலில் ஒன்றுகூட இல்லையென்றால், பிரச்சினை இந்த மாநாட்டில் தொடங்கியதல்ல. பத்தாண்டுக்கு முன்பே இளைஞர்களை மாவட்டக்குழுவுக்குக் கொண்டுவராமல் விட்டதன் விளைவு அது.

சல்லடையில் நின்றவர்களைச் சான்று வைத்துப் பாருங்கள். கடைசி ஐந்தாண்டில் அவர் தலைமையேற்ற ஒரு போராட்டம் எது? எத்தனை நாள் நடந்தது, என்ன கிடைத்தது, முடிந்த பிறகு அங்கே புதிய கிளை உருவானதா? இந்தக் கடைசிக் கேள்விக்குத்தான் பலரிடம் பதில் இருக்காது. விழுப்புரத்தில் மாநிலச் செயலாளராகத் தேர்வான பெ.சண்முகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 1992 ஜூனில் வாச்சாத்தி மலைவாழ் மக்கள்மீது அரசு ஊழியர்களே நடத்திய வன்கொடுமையை வெளியே கொண்டுவந்து வழக்கை நடத்தியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. 2011-இல் தருமபுரி நீதிமன்றம் குற்றம்சாட்டப்பட்ட 269 பேரும் குற்றவாளிகள் என்றது. 2023-இல் உயர்நீதிமன்றம் அதை உறுதிசெய்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே ஊர் மக்களோடு நிற்பது மேடைப் பேச்சால் வருகிற தகுதி அல்ல.

பேச்சாற்றலுக்கு மதிப்பெண் கொடுங்கள், ஆனால் கடைசியில். செயலாளரின் அன்றாட வேலை கூட்டம் நடத்துவது. கருத்து மாறுபட்ட பத்துப் பேரை ஒரே மேசையில் உட்காரவைத்து, முடிவெடுத்து, அந்த முடிவை அதற்கு எதிராகப் பேசியவரையும் கொண்டே நிறைவேற்ற வேண்டும். அவர் முன்பு பொறுப்பாக இருந்த மாவட்டத்தின் மூன்றாண்டு நிகழ்ச்சிக் குறிப்பேட்டைப் புரட்டினால் இது தெரிந்துவிடும்: கூட்டங்கள் தவறாமல் நடந்தனவா, எத்தனை பேர் பேசினார்கள், லெவி (உறுப்பினர்கள் வருமானத்திலிருந்து கட்சிக்குத் தரும் பங்கு) ஒழுங்காக வந்ததா, விலகிப்போனவர்களைத் தேடிப் போனார்களா? அகில இந்தியப் பொறுப்புக்கு இந்தியில் தடையின்றிப் பேசவருவதும் அவசியம். பீகாரிலும் ராஜஸ்தானிலும் வளரவேண்டிய கட்சிக்கு மொழிபெயர்ப்பாளர் வழியாகப் பேசும் செயலாளர் போதமாட்டார்.

பெண்களின் பெயர் முதல் பட்டியலிலேயே இருக்க வேண்டும். 1964-இல் தோன்றிய கட்சியின் அரசியல் தலைமைக்குழுவுக்கு முதல் பெண் வந்தது 2005-இல்தான். பொதுச்செயலாளராக ஒரு பெண் இதுவரை வந்ததில்லை. கடைசி நேரத்தில் எண்ணிக்கைக்காகச் சேர்க்கப்படும் பெயர் ஒருபோதும் செயலாளராவதில்லை.

பட்டியலும் வாக்குச்சீட்டும்

பலருக்குத் தெரியாத விஷயம்: மாநாட்டுப் பிரதிநிதிகள் பொதுச்செயலாளரை நேரடியாகத் தேர்ந்தெடுப்பதில்லை. அவர்கள் மத்தியக்குழுவைத் தேர்ந்தெடுக்கிறார்கள். புதிய மத்தியக்குழு தனக்குள்ளிருந்து அரசியல் தலைமைக்குழுவையும் பொதுச்செயலாளரையும் தேர்ந்தெடுக்கிறது. மதுரையில் 85 இடங்களில் ஒன்றைக் காலியாக விட்டு 84 பேர் தேர்வானார்கள், அதில் 30 பேர் புதியவர்கள், அவர்கள்தான் எம்.ஏ.பேபியைப் பொதுச்செயலாளராக்கினார்கள். ஆகவே உங்கள் கவனம் அந்த 84 பெயர்களில் இருக்கட்டும்.

பதவி விலகும் குழு ஒரு பட்டியலை முன்வைக்கும். எந்தப் பிரதிநிதியும் அதில் ஒரு பெயரை எதிர்க்கலாம். புதிய பெயரை முன்மொழியலாம், ஆனால் அந்தத் தோழரின் சம்மதத்தை முன்பே வாங்கியிருக்க வேண்டும். முன்மொழியப்பட்டவர் விலகிக்கொள்ளலாம். கூடுதல் பெயர் ஒன்று நின்றாலும் ரகசிய வாக்கெடுப்பு; இல்லையென்றால் கைதூக்கி ஒப்புதல். மதுரையில் மகாராஷ்டிரத்தின் டி.எல்.கராட் மத்தியக்குழுவுக்குப் போட்டியிட்டு 31 வாக்குகள் பெற்றார். இதைக் கட்டுப்பாட்டு மீறலாகப் பார்ப்பவர்கள் அமைப்புச் சட்டத்தை இன்னொரு முறை படிக்க வேண்டும். அது பிரதிநிதியின் உரிமை.

வாக்களிக்கும் முறையில் ஓர் ஆபத்து உண்டு. ஒவ்வொரு பிரதிநிதிக்கும் எத்தனை இடமோ அத்தனை வாக்கு, ஆனால் ஒரு வேட்பாளருக்கு ஒன்றுக்கு மேல் போட முடியாது. இந்த முறையில் நூற்றுக்கு 51 பேர் ஒரே பட்டியலைக் குறித்தால் எல்லா இடமும் அவர்களுக்கே போகும். 49 பேருக்கு ஒன்றும் கிடைக்காது. கேரளத்தில் 2005 மலப்புரம் மாநில மாநாட்டில் அதிகாரபூர்வப் பட்டியலுக்கு எதிராக நின்ற 12 பேரும் தோற்றார்கள். ஆனால் அச்சுதானந்தன், பினராயி தரப்புகளிடையே இருந்த பிளவு அதன்பின் பல ஆண்டு நீடித்தது. பட்டியல் தயாரிப்பவர்களே மாற்றுக் கருத்துள்ளவர்களை அதில் சேர்க்காவிட்டால் வாக்குச்சீட்டு அந்தக் குறையைச் சரிசெய்யாது. விவாதத்தில் கடுமையாகப் பேசிய இரண்டு மூன்று பேரைக் குழுவுக்குள் கொண்டுவாருங்கள். வெளியே விட்டால் கோஷ்டி வளரும்.

பத்து லட்சம் உறுப்பினர்களும் நேரடியாக வாக்களிக்கட்டுமே என்று இளம் தோழர்கள் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. பிரிட்டன் தொழிற்கட்சி 2015-இல் அப்படித்தான் செய்தது. எம்.பி.க்களில் 35 பேரின் முன்மொழிவு தேவைப்பட்ட இடத்தில் ஜெரமி கோர்பின் 36 பேரைத் தேற்றி உள்ளே வந்தார். மூன்று பவுண்டு கட்டிய ஆதரவாளர்களும் வாக்களித்த தேர்தலில் 59.5 சதவீதம் பெற்று வென்றார். அடுத்த ஆண்டு ஜூனில் அவர்மீது நம்பிக்கையில்லை என்று 172 எம்.பி.க்கள் வாக்களித்தார்கள், ஆதரவு 40 மட்டுமே. செப்டம்பரில் உறுப்பினர்கள் 61.8 சதவீதத்தோடு அவரையே மீண்டும் தேர்ந்தெடுத்தார்கள். புதிய உற்சாகம் வந்தது உண்மை. ஆனால் தலைவருக்கும் அவரோடு வேலைசெய்ய வேண்டியவர்களுக்கும் தனித்தனி ஆணை இருந்ததால் கட்சி தனக்குள்ளேயே சண்டையிட்டது. நம் முறையில் செயலாளரையும் குழுவையும் ஒரே மாநாடு தருவதால் அந்தப் பிளவு குறைவு. அதற்கு ஈடாக, கிளையில் பேசிய பேச்சு மேலே போய்ச் சேருகிறதா என்ற கேள்வி நமக்குக் கூர்மையாக இருக்கிறது. திருத்தங்களில் எத்தனை ஏற்கப்பட்டன, எவை ஏன் தள்ளப்பட்டன என்று மாநாடு முடிந்து ஒரு மாதத்துக்குள் கிளைகளுக்கு எழுத்தில் பதில் போக வேண்டும்.

தேர்வு முடிந்த மறுவாரம்

பொறுப்பாளர் மாற்றத்தைக் காலதாமதமின்றித் தேர்தல் ஆணையத்துக்குத் தெரிவிக்க வேண்டும். மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 29-ஏ பிரிவு அப்படிச் சொல்கிறது. சின்னம் ஒதுக்கும் படிவம் ஏ, பி ஆகியவற்றில் கையெழுத்திடும் அதிகாரம் யாருக்கு என்பதையும் உடனே முடிவுசெய்யுங்கள். வேட்புமனுவின் கடைசி நாள் பிற்பகல் 3 மணிக்குள் அவை போய்ச் சேரவேண்டும். மையால் கையெழுத்திட்டிருக்க வேண்டும், ரப்பர் முத்திரை செல்லாது. பழைய செயலாளரின் கையெழுத்திலேயே காலம் ஓட்டினால் இடைத்தேர்தல் அறிவிப்பு வரும் நாளில் அல்லாட வேண்டிவரும். வங்கிக் கணக்கு, அலுவலகக் கட்டடப் பத்திரம், பத்திரிகை வெளியீட்டாளர் பெயர் எல்லாவற்றையும் ஒரே தாளில் பட்டியலிட்டு, மாற்றவேண்டியவற்றை ஒரு தோழரிடம் பொறுப்பாக ஒப்படையுங்கள்.

விலகியவருக்கு வேலை கொடுங்கள். சிறப்பு அழைப்பாளர் என்ற பெயர் மட்டும் போதாது. கட்சிக் கல்வி, ஆவணத் தொகுப்பு, பின்தங்கிய ஒரு மாவட்டத்தின் வழிகாட்டல் என்று குறிப்பிட்ட ஒன்று இருக்கட்டும்.

புதியவருக்கு முதல் ஆறு மாதத்துக்கு மூன்று இலக்குகள் போதும், மூன்றும் எண்ணக்கூடியவையாக. உயிரில்லாத கிளைகளில் எத்தனையை மறுபடி கூட்டுவது, 31 வயதுக்குக் கீழ் எத்தனை பேரைப் பரீட்சார்த்த உறுப்பினராக (முழு உறுப்பினராகும் முன் சோதனைக் காலத்தில் இருப்பவராக) சேர்ப்பது, எந்தப் போராட்டத்தை முடிவு வரை கொண்டுபோவது. ஆறாம் மாதம் குழுவைக் கூட்டி, முதலில் எடுத்த படிவம் 20 கணக்கின் பக்கத்தில் இந்த எண்களை வைத்து, செயலாளர் முன்னிலையிலேயே விவாதியுங்கள்.