தடம் மாறத் தொடங்கும் சிறுவனை மீட்பது எப்படி: குடியிருப்புப் பகுதிகளுக்கான வழிகாட்டி

சென்னையின் கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற, நகருக்குள்ளிருந்து அகற்றப்பட்ட குடும்பங்கள் குடியமர்த்தப்பட்ட மறுகுடியமர்வுப் பகுதிகளில், வீட்டு வேலைக்கும் பெயின்டிங் வேலைக்கும் நகரத்துக்குள் செல்லும் பெற்றோர் பலர் அதிகாலையில் பேருந்து ஏறி இரவில்தான் திரும்புகின்றனர். பள்ளி விட்ட பிறகான அந்த மாலை நேரத்தில் பிள்ளையை யார் கவனிக்கிறார்கள் என்பதே முதலில் கேட்க வேண்டிய கேள்வி. பெற்றோர் கவனிக்க இயலாத அந்த நேரத்தில், பைக்கும் பிரியாணியும் வாங்கித் தரும் ஏரியா 'அண்ணன்' ஒருவர் சிறுவனைக் கவனிக்கத் தொடங்கிவிடுகிறார். சில மாதங்களில் ஒரு பொட்டலத்தை வைத்திருக்கச் சொல்கிறார். பிறகு அதைக் கொண்டுபோய்க் கொடுக்கச் சொல்கிறார்.

ஆகவே, குடியிருப்போர் சங்கமோ இளைஞர் மன்றமோ செய்ய வேண்டிய முதல் வேலை, அத்தகைய ஒவ்வொரு சிறுவனுக்கும் பொறுப்பான ஒரு பெரியவரைக் குறித்துக் கொடுப்பதாகும். அவர் தாய்மாமனாக இருக்கலாம், கபடிப் பயிற்சியாளராக இருக்கலாம், ஆசிரியராகவும் இருக்கலாம். ஆனால் ஓராண்டுக்குக் குறையாமல் உடனிருக்கக்கூடியவராக இருக்க வேண்டும், ஏனெனில் பாதியில் விட்டுச் செல்லும் பெரியவர் அச்சிறுவனுக்கு முன்னிலும் பெரிய ஏமாற்றத்தையே தருவார். சிறையைக் காட்டிப் பயமுறுத்தினால் திருந்திவிடுவார்கள் என்ற நம்பிக்கையைக் கைவிடுங்கள். 1970களில் அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் சிறுவர்களைச் சிறைக்குள் அழைத்துச் சென்று கைதிகளைக் கொண்டு மிரட்டும் திட்டம் பெயர்பெற்றது. அவ்வகைத் திட்டங்களைப் பின்னர் ஆராய்ந்தவர்கள், அவை குற்றத்தைக் குறைக்கவில்லை, கூட்டவே செய்தன என்று கண்டனர்.

மாலை நேரத்தை நிரப்ப விளையாட்டு நல்ல வழி. வியாசர்பாடியில் கால்பந்தும் கண்ணகி நகரில் கபடியும் எத்தனை பிள்ளைகளை நிமிர்த்தியிருக்கின்றன என்பதை அப்பகுதியினர் அறிவர். ஆனால், வம்பில் சிக்கிய பையன்களை மட்டும் ஒன்றுதிரட்டி ஓர் அணி அமைக்காதீர்கள். அவர்கள் ஒருவரிடமிருந்து ஒருவர் கற்றுக்கொள்வது விளையாட்டாக மட்டும் இருக்காது. மற்றப் பிள்ளைகளோடு கலந்து ஆட விடுங்கள்.

பள்ளியிலிருந்து பெயர் நீங்குவதே பெரிய ஆபத்து. பத்தாம் வகுப்பில் தோற்ற மாணவனுக்கு, தேர்வு முடிவு வந்த வாரத்திலேயே துணைத்தேர்வுக்கு விண்ணப்பித்துக் கொடுத்து, கட்டணத்தையும் கட்டி, தேர்வு நாளில் மையம் வரை ஒருவர் உடன் செல்ல வேண்டும். படிப்பில் மனம் ஒட்டாதவனை ஐடிஐ எனப்படும் தொழிற்பயிற்சி நிலையத்தில் சேர்க்கலாம். எட்டாம் வகுப்புத் தேர்ச்சியுடன் சேரக்கூடிய பிரிவுகளும் அங்கு உண்டு.

போதைப் பழக்கம் தொடங்கிவிட்டதாகத் தெரிந்தால், எது என்று முதலில் அறியுங்கள். ஒயிட்னர் (எழுத்தை அழிக்கும் வெள்ளைத் திரவம்), சொல்யூஷன் (பஞ்சர் ஒட்டும் பசை) போன்றவற்றை முகர்ந்த நிலையில் இருப்பவனைத் துரத்தவோ திடுக்கிடச் செய்யவோ கூடாது. அந்த நிலையில் இதயம் திடீரென நின்றுவிடும் அபாயம் உண்டு. வலி நிவாரணி மாத்திரையைக் கரைத்து ஊசியாக ஏற்றுபவனுக்குச் சீழ்க்கட்டி, மஞ்சள் காமாலை, எச்ஐவி ஆகியவற்றுக்கான பரிசோதனையும் தேவை. தூக்க மாத்திரைக்குப் பழகியவனை வீட்டில் பூட்டிவைத்துத் திடீரென நிறுத்தினால் வலிப்பு வரக்கூடும் என்பதால், மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கே அழைத்துச் செல்லுங்கள். 14446 என்ற கட்டணமில்லாத் தேசிய உதவி எண்ணிலும் வழிகாட்டுதல் பெறலாம். வழக்கு வந்துவிடுமோ என்று அஞ்சிப் பல பெற்றோர் தயங்குகின்றனர். ஆனால் 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தின் 64ஏ பிரிவு, பயன்படுத்தியதற்காகவோ சிறிய அளவு வைத்திருந்ததற்காகவோ குற்றம் சாட்டப்பட்ட, போதைக்கு அடிமையான ஒருவர், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தானே முன்வந்து சிகிச்சை பெற்றால் அவர் மீது வழக்கு நடத்தப்படாது என்கிறது. சிகிச்சையை முடிக்காவிட்டால் அந்தப் பாதுகாப்பு விலக்கிக்கொள்ளப்படலாம்.

காவல் துறையிடம் சிக்கிவிட்டால், முதல் நாள்தான் மிக முக்கியம். 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டப்படி, 18 வயது நிரம்பாதவரைக் காவல் நிலைய அறையிலோ சிறையிலோ அடைக்கக் கூடாது. 24 மணி நேரத்துக்குள் சிறார் வழக்குகளை விசாரிக்கும் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்த வேண்டும். நிலையம்தோறும் உள்ள குழந்தை நலக் காவல் அலுவலரைக் கேட்டுச் சந்தியுங்கள். வயதுச் சான்றையும் பள்ளிச் சான்றையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். கொடுங்குற்றமாகவோ பெரியவர்களுடன் சேர்ந்து செய்ததாகவோ இல்லாதபோது முதல் தகவல் அறிக்கை பதியாமல், காவல் நிலையத்தின் பொது நாட்குறிப்பில் எழுதிச் சமூகப் பின்னணி அறிக்கையுடன் அனுப்பவே விதிகள் கூறுகின்றன. ஒரு சிறுவனைக் கொண்டு போதைப்பொருளைக் கடத்தும் பெரியவருக்கு, இதே சட்டத்தின் 78ஆம் பிரிவு ஏழாண்டு வரை கடுங்காவல் தண்டனை விதிக்கிறது. பொட்டலத்தைச் சுமந்தவன் முதலில் பாதிக்கப்பட்டவன் என்பதை அங்கே தயங்காமல் எடுத்துச் சொல்ல வேண்டும்.

குழுமம் பிணை மறுப்பதற்குச் சட்டம் கூறும் காரணங்களுள் ஒன்று, வெளியே சென்றால் குற்றவாளிகளின் சகவாசத்தில் விழுவான் என்பது. முன்பே குறித்து வைத்த அந்தப் பெரியவர், சிறுவன் எங்கே தங்குவான், எந்தப் பள்ளிக்குச் செல்வான், மாலையில் யாருடன் இருப்பான் என்று எழுதி நன்னடத்தை அலுவலரிடம் கொடுத்தால், வழக்கு நடக்கும்போது சிறாரைத் தங்கவைக்கும் கூர்நோக்கு இல்லத்துக்கு அனுப்பாமல் வீட்டுக்கே அனுப்பும் வாய்ப்புக் கூடும்.

வழக்கு முடிந்தபின் வேலை தேடும்போது, ஊர்ப் பெயரைக் கேட்டதுமே மறுக்கும் முதலாளிகள் இருக்கிறார்கள். இளைஞர் நீதிச் சட்டத்தின் கீழ் முடிந்த பழைய வழக்கு, சில கொடுங்குற்றங்கள் நீங்கலாக, அவனுக்குத் தகுதியிழப்பை ஏற்படுத்தாது என்று 24ஆம் பிரிவு சொல்வதை அவனுக்கும் பெற்றோருக்கும் புரியவைத்து, பட்டறை முதலாளியிடம் சங்கத்தின் சார்பில் ஒருவர் நேரில் சென்று பேசி, முதல் மூன்று மாதமேனும் வாரந்தோறும் அங்கு போய் விசாரித்து வர வேண்டும்.