ஹார்மோன் மாத்திரையும் ரத்தக்குழாயும்: எங்கே தப்பு நடக்கிறது

மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் எடுத்தால் இதயத்துக்கு நல்லது என்று சிலர், அட்டாக்கே வரும் என்று சிலர். இரண்டு தரப்பும் கேட்க மறப்பது ஒன்றுதான்: மாதவிடாய் நின்று எத்தனை வருஷம் ஆச்சு?

பயம் கிளம்பியது 2002இல். அமெரிக்காவில் 16,608 பெண்களை வைத்து நடந்த விமன்ஸ் ஹெல்த் இனிஷியேட்டிவ் ஆய்வைப் பாதியில் நிறுத்தினார்கள். மாத்திரை எடுத்தவர்களில் வருஷத்துக்கு 10,000 பேருக்கு 7 பேர் என்ற கணக்கில் இதயநோய் கூடியிருந்தது, பக்கவாதம் 8 பேர். சரி, ஆனால் அந்தப் பெண்களின் சராசரி வயது 63. அதை யாரும் பெரிதாகப் பேசவில்லை.

இந்த மாத்திரையில் இருக்கும் பெண் ஹார்மோன் ஈஸ்ட்ரோஜன். அது ரத்தக்குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு சுரக்க வைக்கும், குழாய் இளகி விரியும். சுவர் நன்றாக இருந்தால்தான் இந்த வேலை ஒழுங்காக நடக்கும். ஏற்கெனவே கொழுப்பு படிந்து தடித்த சுவரில் அதே ஹார்மோன் படிவை உடையவிட்டு வம்பு செய்யலாம் என்பது ஒரு விளக்கம். 2016இல் வெளியான எலைட் ஆய்வில், மாதவிடாய் நின்று 6 வருஷத்துக்குள் தொடங்கியவர்களுக்குக் கழுத்துத் தமனி தடிப்பது மெதுவானது. 10 வருஷம் தாண்டித் தொடங்கியவர்களுக்கு ஒரு பலனும் இல்லை. அதனால் 62 வயதில், "இதயத்துக்கு நல்லதாமே" என்று புதிதாக ஆரம்பிக்காதீர்கள். உடம்பு குப்பென்று சூடாகி, ராத்திரி நைட்டி நனைய வியர்த்து, தூக்கம் போகிறதே, அதற்கான சிகிச்சை இது. பிரஷர் மாத்திரைக்கோ கொழுப்பு மாத்திரைக்கோ மாற்று இல்லை.

அக்காவுக்கு எழுதிய சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் அதையே வாங்குவது இன்னொரு தப்பு, எனக்கு ரொம்பக் கோபம் வருவதும் இதில்தான். அக்காவுக்குக் கர்ப்பப்பை எடுத்திருப்பார்கள், வெறும் ஈஸ்ட்ரோஜன் போதும். உங்களுக்குக் கர்ப்பப்பை இருந்தால் புரோஜெஸ்டோஜன் என்ற இன்னொரு ஹார்மோனும் சேர வேண்டும், இல்லாவிட்டால் அதன் உள்சவ்வில் புற்றுநோய் வரும் ஆபத்து கூடும்.

அப்புறம், மாத்திரை மட்டும்தான் என்று நினைக்காதீர்கள். விழுங்கும் ஈஸ்ட்ரோஜன் நேராகக் கல்லீரலுக்குப் போய் ரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கூட்டுகிறது. தோலில் ஒட்டும் பேட்ச், தடவும் ஜெல் அந்த வழியாகப் போவதில்லை. குடும்பத்தில் யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருந்தாலோ, எடை அதிகம் என்றாலோ, சீட்டு எழுதும் முன்பே டாக்டரிடம் சொல்லிப் பேட்ச் பற்றிக் கேளுங்கள். உங்களுக்கே மாரடைப்போ பக்கவாதமோ மார்பகப் புற்றுநோயோ வந்திருந்தால், வழக்கமாகக் கொடுக்கவே மாட்டார்கள்.

மாத்திரை எடுக்கும்போது ஒரு கால் மட்டும் வீங்கிக் கெண்டைக்கால் வலித்தால், நடந்தது அதிகம் என்று தைலம் தேய்த்துக்கொண்டு உட்காராதீர்கள், அது ரத்தக்கட்டியாக இருக்கலாம், அன்றைக்கே போய்க் காட்டுங்கள்.