புவிவெளி அறிவியலில் ஆய்வாளராக விரும்புவோர் எங்கே தொடங்குவது?

செயற்கைக்கோள் படங்களையும் வரைபடங்களையும் கொண்டு நிலப்பரப்பை ஆராய்வதே புவிவெளி அறிவியல். தொடக்கக் கல்லூரி மாணவர்கள் பலர் இத்துறையைப் பற்றிக் கேட்கும்போது, எந்த மென்பொருளைக் கற்க வேண்டும் என்பதையே முதலில் கேட்கிறார்கள். மென்பொருள் பத்தாண்டுகளில் மாறிவிடும். உங்களை விடாமல் துரத்தும் ஒரு கேள்விதான் நெடுநாள் கூட வரும். 2013 ஜூன் 21 அன்று தீப்புகை மூட்டத்தால் சிங்கப்பூரின் காற்றுத்தரக் குறியீடு 401ஐத் தொட்டபோது முகக்கவசத்துடன் பள்ளிக்காலத்தைக் கடந்தவர், அந்தப் புகைக்குக் காரணமான, வாய்க்கால் வெட்டி நீரை வடித்த கரிச்சதுப்பு நிலம் (மக்கிய தாவரங்கள் படிந்த ஈரநிலம்) எவ்வளவு உலர்ந்தால் தீப்பற்றுகிறது என்று கேட்கத் தொடங்கினாலே பாதி வழி வந்துவிட்டார்.

பட்டப்படிப்புக்குச் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தின் புவியியல் துறையும், நன்யாங் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் சுற்றுச்சூழல் படிப்பும் ஏற்றவை. புள்ளியியலையும் பைத்தான் நிரல்மொழியையும் முதலாண்டிலேயே பழகுங்கள். பயிற்சிக்குப் பணம் தேவையில்லை: கியூஜிஐஎஸ் என்னும் வரைபட மென்பொருள் இலவசம்; 1972 முதல் சேர்ந்துவரும் லேண்ட்சாட் செயற்கைக்கோள் படங்களும் 2008 முதல் இலவசமாகவே கிடைக்கின்றன.

முதல் பயிற்சிக்குச் சிங்கப்பூரின் சுங்கை பூலோவிலுள்ள அலையாத்திக் காட்டை எடுத்துக்கொள்ளலாம். 10 மீட்டர் நுணுக்கத்தில் ஏறத்தாழ ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கும் சென்டினல்-2 செயற்கைக்கோள் போதுமே என்று தோன்றும். ஆனால் நிலநடுக்கோட்டு வானம் பெரும்பாலும் மேகம் மூடியே இருப்பதால், ஓராண்டுப் படங்களில் தெளிவானவை சிலவே தேறும். மேகத்தை ஊடுருவும் சென்டினல்-1 ரேடார் படங்களை வாசிக்கப் பழகுவது, நம் வட்டாரத்தில் ஆய்வு செய்ய விரும்புவோருக்கு இன்றியமையாதது என்பது என் உறுதியான கருத்து. படம் எடுத்த நேரத்துக் கடலேற்றத்தையும் பாருங்கள். ஏற்றத்தில் எடுத்த படத்தையும் வற்றத்தில் எடுத்த படத்தையும் ஒப்பிட்டுவிட்டுக் காடு சுருங்கிவிட்டது என்று எழுதுவது பெரும்பிழையாகும். உள்ளூர் வரைபடங்கள் பின்பற்றும் எஸ்விஒய்21 ஆயமுறையைச் (இடங்களை எண்களால் குறிக்கும் முறை) செயற்கைக்கோள் படத்தின் ஆயமுறையோடு பொருத்திய பின்னரே அளவிடத் தொடங்குங்கள்.

அடுத்தது சரிபார்ப்பு. படத்தில் எது காடு, எது நீர் என்று கணினி பிரிப்பதே வகைப்பாடு; அதற்குக் கற்றுக்கொடுக்கும் இடங்கள் பயிற்சிப் புள்ளிகள், அது சரியா என்று பார்க்கும் இடங்கள் சோதனைப் புள்ளிகள். அருகருகே உள்ள இடங்கள் இயல்பாகவே ஒன்றையொன்று ஒத்திருப்பதால், பயிற்சிப் புள்ளிகளையும் சோதனைப் புள்ளிகளையும் கண்டபடி கலந்து பிரித்தால், வகைப்பாட்டின் துல்லியம் உண்மையைவிட உயர்ந்தே தெரியும். நிலப்பரப்பைப் பெரிய கட்டங்களாகப் பிரித்து, ஒரு கட்டம் முழுவதையும் சோதனைக்கென்றே ஒதுக்குங்கள். பிறகு காலணியில் சேறு பட நேரில் சென்று சில இடங்களையாவது பார்த்து வாருங்கள்.

முனைவர் பட்டத்துக்குப் பல்கலைக்கழகத்தின் பெயரைவிட நெறியாளரைத் தேர்ந்தெடுப்பதே முக்கியம். அவருடைய முன்னாள் மாணவர்கள் இருவரிடமாவது பேசி, எத்தனை ஆண்டில் பட்டம் முடித்தார்கள், கட்டுரைகளில் யார் பெயர் முதலில் வந்தது, தரவையும் நிரலையும் வெளியிட அனுமதி கிடைத்ததா என்று கேட்ட பிறகே விண்ணப்பத்தை அனுப்புங்கள்.