பழைய விளையாட்டைப் புதிய கன்சோலுக்குக் கொண்டுவருவதா, அடுத்த பாகம் எடுப்பதா: முடிவெடுக்கும் வழி

புதிய கன்சோல் ஒன்று சந்தைக்கு வரும்போதெல்லாம் வீடியோ கேம் உருவாக்குபவர்கள் முன் ஒரே கேள்வி வந்து நிற்கிறது. கைவசம் இருக்கும் பழைய விளையாட்டை அந்தக் கருவியில் ஓடும்படி மாற்றி வெளியிடுவதா, அதற்கு அடுத்த பாகம் எடுப்பதா? முதலாவதைப் போர்ட் என்கிறோம். போர்ட் செய்வது சோம்பேறித்தனம் என்று ரசிகர்களும், அடுத்த பாகம் எடுப்பது சூதாட்டம் என்று பணம் போடுபவர்களும் சொல்வதுண்டு. இந்த இரண்டு பேச்சையும் ஒதுக்கிவிட்டு, வாங்கப்போகிறவர் யார் என்பதிலிருந்து தொடங்குவதே சரி. பழைய விளையாட்டை ஆட வாய்ப்பே கிடைக்காதவர்கள் புதிய கன்சோலில் அதிகம் இருந்தால் போர்ட் செய்யலாம். அதை ஆடித் தீர்த்துவிட்டு மேலும் கேட்பவர்கள் அதிகம் இருந்தால் அடுத்த பாகத்துக்குப் போகலாம்.

ஒரு விளையாட்டை வெளியிட்டு முடித்து, இன்னும் ஒரு வேலைக்கு மட்டுமே ஆளும் பணமும் வைத்திருக்கும் சிறு குழுக்களை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன். எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் நின்டெண்டோவின் வீ யூ, ஸ்விட்ச் கன்சோல்களைச் சேர்ந்தவை. ஒரே நிறுவனம், ஏறத்தாழ ஒரே காலத்தில், சில விளையாட்டுகளைப் போர்ட் செய்ததையும் வேறு சிலவற்றுக்கு அடுத்த பாகம் எடுத்ததையும் அங்கே பக்கம் பக்கமாக வைத்துப் பார்க்க முடிகிறது.

முதலில் ஆட்களைக் கணக்கிடுங்கள்

2012இல் வந்த வீ யூ, தன் வாழ்நாள் முழுவதும் சுமார் 1 கோடியே 35 லட்சம்தான் விற்றது. 2014இல் அதற்கு வந்த மரியோ கார்ட் 8 என்ற கார் பந்தய விளையாட்டு சுமார் 84 லட்சம் பிரதிகள் விற்றது. அந்தக் கன்சோலை வைத்திருந்தவர்களைப் பொறுத்தவரை அது பாதிக்கு மேற்பட்ட வீடுகளை எட்டிவிட்ட விளையாட்டு; ஆனால் கன்சோலே வாங்காதவர்களைக் கணக்கில் எடுத்தால், அந்த எண் மிகவும் சிறியது. 2017 ஏப்ரலில் அதே விளையாட்டு மரியோ கார்ட் 8 டீலக்ஸ் என்ற பெயரில் ஸ்விட்ச்சுக்கு வந்து 6 கோடிக்கும் அதிகமாக விற்றது. தொடரின் அடுத்த முதன்மை விளையாட்டு, 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வெளியானபோதுதான் வந்தது. ஒரு போர்ட் எட்டு ஆண்டுகள் அந்தத் தொடரைத் தாங்கிப் பிடித்திருக்கிறது.

உங்கள் கணக்கையும் இதே முறையில் போடுங்கள். விற்ற பிரதிகளின் எண்ணிக்கை ஒரு தொடக்கம்தான். வாங்கியவர்களில் எத்தனை பேர் பாதியையாவது தாண்டினார்கள் என்பது அதைவிடப் பயனுள்ள தகவல். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையிலும் கன்சோல்களிலும், விளையாட்டில் ஒரு கட்டத்தை எட்டியவர்களுக்குக் கிடைக்கும் சாதனைகளின் பட்டியல்களைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும். முதல் அத்தியாயத்தின் முடிவில் கிடைக்கும் சாதனையைப் பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை, கடைசிச் சாதனையைப் பெற்றவர்கள் நூற்றுக்கு எத்தனை என்று எழுதிக்கொள்ளுங்கள். கடைசி வரை போனவர்கள் மிகக் குறைவு என்றால், அடுத்த பாகத்துக்கென்று ஒரு கூட்டம் இன்னும் உருவாகவில்லை என்றுதான் அதற்குப் பொருள்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. வீ யூவின் வட்டை ஸ்விட்ச்சில் போட வழியே இல்லை. அதனால் போர்ட்டுக்கு இடம் இருந்தது. பிளேஸ்டேஷன் 5 பெரும்பாலான பிளேஸ்டேஷன் 4 விளையாட்டுகளையும், ஸ்விட்ச் 2 பெரும்பாலான ஸ்விட்ச் விளையாட்டுகளையும் அப்படியே ஓட்டுகின்றன. பழைய பிரதியே ஓடும் கன்சோலுக்கு வெறும் போர்ட்டை முழு விலையில் கொண்டுபோனால், இதற்கு ஏன் மறுபடி பணம் தர வேண்டும் என்று வாங்குபவர் கேட்கும் கேள்விக்கு உங்களிடம் பதில் இருக்காது.

கையையும் திரையையும் சோதியுங்கள்

பலர் இதைக் கடைசியில் செய்கிறார்கள். என் கருத்தில் இது நிரல் எழுதுவதற்கு முன்பே முடிந்துவிட வேண்டிய வேலை. வீ யூவின் கைக்கருவியான கேம்பேடில் தனியாக ஒரு தொடுதிரை இருந்தது. அணிகளாக மோதும் ஸ்பிளட்டூன் விளையாட்டில் வரைபடம் எப்போதும் அந்த இரண்டாவது திரையில் விரிந்திருக்கும். அணித்தோழரின் இருப்பிடத்தைத் தொட்டால் அங்கே தாவிவிடலாம். ஸ்விட்ச்சில் அந்தத் திரை இல்லாததால், 2017இல் வந்த ஸ்பிளட்டூன் 2இல் ஒரு பொத்தானை அழுத்தி வரைபடத்தை வரவழைக்க வேண்டியிருந்தது. ஸ்டார் ஃபாக்ஸ் ஜீரோவோ, தொலைக்காட்சியில் ஒரு காட்சி, கையில் விமானியின் பார்வை என்று இரண்டு திரைகளையும் நம்பியே கட்டப்பட்டது. அது ஸ்விட்ச்சுக்கு வரவே இல்லை. கேம்பேடின் தொடுதிரையில் தடங்களை வரைந்து உருவாக்கும் மரியோ மேக்கரும் போர்ட்டாக வரவில்லை; அதற்கு 2019இல் ஸ்விட்ச்சில் இரண்டாம் பாகமே வந்தது.

பொத்தான் ஒன்றின் இயல்பு மாறினாலும் விளையாட்டு மாறிவிடும் என்பதற்கு சூப்பர் மரியோ சன்ஷைன் நல்ல சான்று. 2002இல் அது வந்த கேம்கியூபின் தோள்பொத்தான்கள், எவ்வளவு ஆழமாக அழுத்துகிறோம் என்பதை உணரக்கூடியவை. மெதுவாக அழுத்தினால் மரியோ ஓடிக்கொண்டே நீரைப் பீய்ச்சுவார். முழுவதும் அழுத்தினால் நின்ற இடத்தில் நின்று குறிபார்ப்பார். ஸ்விட்ச்சின் பொத்தான்களுக்கு அழுத்தியது, அழுத்தாதது என்ற இரண்டு நிலைகள்தான் உண்டு. ஆகவே 2020இல் அந்த விளையாட்டு ஸ்விட்ச்சுக்கு வந்தபோது, ஒரே பொத்தானில் இருந்த இரண்டு செயல்களை இரண்டு பொத்தான்களுக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டியிருந்தது.

பழைய விளையாட்டில் உள்ள ஒவ்வொரு செயலையும் ஒரு தாளில் எழுதி, புதிய கன்சோலில் அது எந்த விரலுக்குப் போகிறது என்று எதிரே குறியுங்கள். இரண்டு மூன்று செயல்களுக்கு மட்டும் இடம் கிடைக்கவில்லை என்றால் சமாளித்துவிடலாம். விளையாட்டின் மையமான செயலுக்கே இடமில்லை என்றால், போர்ட் என்ற பெயரில் நீங்கள் வேறொரு விளையாட்டைத்தான் செய்யப்போகிறீர்கள். அதற்கு அடுத்த பாகம் என்றே பெயர் வைத்துவிடலாம்.

மூலநிரல் இருக்கிறதா என்று பாருங்கள்

மூலநிரல் என்பது விளையாட்டை உருவாக்க முதலில் எழுதிய நிரல். அது இருக்கிறதா என்பது கேலிக்கேள்வி அல்ல. 2002இல் வந்த கிங்டம் ஹார்ட்ஸ் விளையாட்டின் மூலத்தரவுகள் காணாமற்போயிருந்ததால், 2013இல் அதன் எச்டி (கூடுதல் தெளிவான படம் கொண்ட) பதிப்பைச் செய்தவர்கள், விற்பனையான பிரதியிலிருந்து பலவற்றைத் தோண்டி எடுத்து மீண்டும் கட்ட வேண்டியிருந்தது. 2012இல் வெளியான, சைலண்ட் ஹில் என்ற திகில் விளையாட்டுகளின் எச்டி தொகுப்புக்குக் கிடைத்ததோ முழுமையடையாத ஒரு நிரல். பழைய குழு வெளியீட்டுக்கு முன் திருத்தி முடித்திருந்த பிழைகளைப் புதிய குழு மறுபடியும் திருத்த வேண்டிவந்தது.

ஆகவே முதல் வேலையாக, எதையும் மாற்றாமல், பழைய விளையாட்டைச் சேமிப்பிலுள்ள நிரலிலிருந்து மீண்டும் உருவாக்கிப் பாருங்கள். கிடைத்ததைக் கடையில் விற்ற பிரதியோடு பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். இதற்கு முன்கூட்டியே ஒரு கெடு வைத்துக்கொள்வது நல்லது. அந்தக் கெடுவுக்குள் முடியவில்லை என்றால், போர்ட் மலிவானது என்ற எண்ணத்தை அங்கேயே விட்டுவிட்டு, செலவுக் கணக்கை மறுபடி போடுங்கள்.

அடுத்தது செயலி. வீ யூ பவர்பிசி வகைச் செயலியில் ஓடியது. ஸ்விட்ச் ஆர்ம் வகைச் செயலியில் ஓடுகிறது. இரண்டும் எண்களை நினைவகத்தில் எழுதும் வரிசை வேறு. நான்கு பைட்டுகளில் 1 என்ற எண்ணை முதலாவது 00 00 00 01 என்று எழுதும். இரண்டாவது அதைத் தலைகீழாக 01 00 00 00 என்று எழுதும். பழைய வட்டிலுள்ள கோப்பை மாற்றாமல் புதிய செயலியிடம் கொடுத்தால், ஓர் உயிர் மிச்சமுள்ள வீரருக்கு 1,67,77,216 உயிர்கள் கிடைத்துவிடும். இப்படிப் பளிச்சென்று தெரியும் பிழை எளிதில் பிடிபடும். ஏதோ ஒரு மூலையில் உள்ள கதவின் உயரம் மட்டும் தவறாகப் படிக்கப்பட்டால், வெளியீட்டுக்குப் பிறகே அது தெரியவரும். எனவே கோப்புகளை ஓடும்போது திருப்பிப் படிப்பதைவிட, எல்லாவற்றையும் முன்கூட்டியே ஒரு கருவி எழுதி மாற்றிவிடுவது பாதுகாப்பானது.

வேகம் இன்னொரு கண்ணி. நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது 30 படங்கள், காட்டி ஓடிய விளையாட்டைப் புதிய கருவியில் 60 ஃபிரேமாக உயர்த்துவதைத்தான் எல்லோரும் முதலில் விரும்புவார்கள். ஆனால் பழைய நிரல் சில கணக்குகளை நேரத்தை வைத்துப் போடாமல் ஃபிரேமை வைத்துப் போட்டிருக்கும். டார்க் சோல்ஸ் 2 கணினியில் 60 ஃபிரேமில் ஓடியபோது, வாள்கள் ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகத்தில் தேய்ந்தன. ஒரு வெட்டின்போது வாள் எதிரியின் உடலைத் தொட்டுக்கொண்டிருந்த ஃபிரேம்கள் இரட்டித்ததே அதற்குக் காரணம். போர்ட் ஓடத் தொடங்கியதும், விழும் வேகம், தாவும் உயரம், ஆயுதத் தேய்மானம், எதிரி மீண்டும் தோன்றும் இடைவெளி ஆகியவற்றைப் பழைய கருவியோடு ஒப்பிட்டு அளந்து பாருங்கள். கண்மதிப்பு இங்கே போதாது.

மூடுபனியையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் இரண்டு புகழ்பெற்ற தொகுப்புகள் இதே இடத்தில் சறுக்கின. பழைய கன்சோல்களால் தொலைதூரத்தை வரைய முடியாததால், எல்லைகளை மறைக்கப் பனியைப் போட்டார்கள். சைலண்ட் ஹில் 2இல் அந்தப் பனிதான் அச்சத்தின் பாதி. எச்டி தொகுப்பில் அது மெலிந்ததும், உலகம் முடியும் விளிம்பே கண்ணுக்குத் தெரிந்தது. 2021 நவம்பரில் வந்த, கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ தொடரின் பழைய விளையாட்டுகள் மூன்றைக் கொண்ட தொகுப்பிலும் அதே கதைதான். அவற்றில் ஒன்றான சான் ஆண்ட்ரியாஸில் பனி விலகியவுடன், முன்பு மூன்று நகரங்களைக் கொண்ட ஒரு மாநிலமாகத் தோன்றியது, மலையுச்சியிலிருந்து பார்த்தால் கைக்குள் அடங்கும் ஒரு தீவாகச் சுருங்கிவிட்டது. அதை வெளியிட்ட ராக்ஸ்டார் நிறுவனம் அந்தத் தொகுப்பின் நிலைக்காகப் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்டது. பழைய கருவியின் ஒவ்வொரு குறையையும் நீக்கும் முன், அந்தக் குறையை மறைக்க அன்றைய கலைஞர் என்ன செய்திருந்தார், அது இன்று விளையாட்டின் சுவையாகவே மாறிவிட்டதா என்று கேளுங்கள்.

உரிமைகளைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை: பாடல், திரைப்படப் பெயர், கார் நிறுவனச் சின்னம் என எதற்கெல்லாம் முன்பு அனுமதி வாங்கினீர்களோ, அந்த ஒப்பந்தங்களைத் தேடி எடுத்துக் காலாவதித் தேதியைப் பாருங்கள். ஆலன் வேக் என்ற விளையாட்டு 2017இல் விற்பனையிலிருந்து நீக்கப்பட்டு, இசை உரிமங்கள் புதுப்பிக்கப்பட்ட பிறகு 2018இல்தான் திரும்பியது.

எதைச் சேர்ப்பது, என்ன விலை வைப்பது

முதல் வெளியீட்டின்போது எழுந்த உண்மையான குறை எதுவோ, அதைச் சரிசெய்வதே போர்ட்டில் சேர்க்கத்தக்க மிகச் சிறந்த பொருள். வீ யூவின் மரியோ கார்ட் 8இல் சண்டைப் பகுதிக்கென்று தனிக் களங்கள் இல்லை. பந்தயத் தடங்களிலேயே சண்டையிட வேண்டியிருந்தது, அதைப் பலரும் குறைகூறினார்கள். டீலக்ஸில் அதற்கென்றே எட்டுக் களங்கள் வந்தன. முன்பு தனியாக விற்ற கூடுதல் தடங்கள் எல்லாம் உள்ளேயே சேர்க்கப்பட்டன. பழையதை ஆடியவரும் திரும்பி வர ஒரு காரணம் கிடைத்தது.

விலையில் அவ்வளவு தெளிவு இருந்ததில்லை. டாங்கி காங் கன்ட்ரி: டிராபிகல் ஃப்ரீஸ் 2014இல் வீ யூவுக்கு 50 டாலருக்கு வந்தது, 2018இல் ஸ்விட்ச்சுக்கு 60 டாலருக்கு வந்தது. புதியவர்களுக்கு எளிதாக இருக்கும்படி ஃபங்கி காங் என்ற பாத்திரத்தைச் சேர்த்திருந்தார்கள்; அந்தச் சேர்க்கை பத்து டாலர் கூடுதல் பெறுமா என்பதில் எனக்கு ஐயம் உண்டு. நின்டெண்டோவால் அதைத் தாங்க முடியும். ஒரு சிறு குழுவுக்கு, பழைய பிரதி வைத்திருப்பவரின் கோபம் விமர்சனப் பக்கத்தின் முதல் வரியாகவே வந்து உட்காரும். பழைய விலையைத் தாண்டாதீர்கள். கடை அனுமதித்தால், முன்பே வாங்கியவர்களுக்குத் தள்ளுபடி கொடுங்கள்.

அடுத்த பாகம் எப்போது

1998இல் நின்டெண்டோவின் செல்டா தொடரில் ஒகரினா ஆஃப் டைம் வெளிவந்தபின், அதன் நிலவறைகளை மட்டும் மாற்றியமைத்து ஒரு மறுபதிப்பைச் செய்யும்படி அதன் வடிவமைப்பாளர்களில் ஒருவரான எய்ஜி அயொனுமாவிடம் கேட்கப்பட்டது. அந்த வேலையில் அவருக்கு மனம் ஒட்டவில்லை. புதிய செல்டா ஒன்றைச் செய்ய விரும்பினார். ஓராண்டில் முடிப்பதென்றால் செய்யலாம் என்று செல்டா தொடரை உருவாக்கியவர்களில் ஒருவரான ஷிகெரு மியாமோட்டோ சொல்ல, முந்தைய விளையாட்டின் எஞ்சினையும் (விளையாட்டை இயக்கும் அடிப்படை நிரல்) பாத்திர உருவங்களையும் எடுத்துக்கொண்டு, மூன்று நாட்கள் திரும்பத் திரும்ப நிகழும் ஓர் உலகத்தைக் கட்டினார்கள். 2000இல் வந்த அந்த விளையாட்டுதான் மஜோராஸ் மாஸ்க். அடுத்த பாகம் என்றால் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும் என்று நினைப்பவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும்.

அந்த மூன்று நாள் சுழற்சியைப் போன்ற ஒன்று உங்களிடம் இருக்கிறதா என்பதே சோதனை. அடுத்த பாகத்துக்கென்று நீங்கள் எழுதி வைத்திருக்கும் எண்ணங்களை வரிசையாகப் படியுங்கள். புதிய ஆயுதம், புதிய தடம், இன்னும் நான்கு பாத்திரங்கள் என்று எல்லாமே பழைய விளையாட்டுக்குள் அப்படியே பொருந்துமானால், அவற்றைப் போர்ட்டோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள். 2022இலும் 2023இலும் மரியோ கார்ட் 8 டீலக்ஸுக்கு 48 தடங்களை இப்படித்தான் கூடுதலாக விற்றார்கள். பழைய விளையாட்டை உடைக்காமல் உள்ளே நுழைக்க முடியாத ஓர் எண்ணமாவது இருந்தால்தான் அடுத்த பாகத்தைத் தொடங்குங்கள்.

தொடங்கினாலும் தேதியை வெளியே சொல்ல அவசரப்படாதீர்கள். மெட்ராய்ட் பிரைம் 4 வரப்போகிறது என்று நின்டெண்டோ 2017 ஜூனில் அறிவித்தது. 2019 ஜனவரியில், அதுவரை செய்ததை விட்டுவிட்டு முந்தைய பாகங்களைச் செய்த ரெட்ரோ ஸ்டுடியோஸ் நிறுவனத்தோடு முதலிலிருந்து தொடங்குவதாகச் சொன்னார்கள். 2025 டிசம்பரில்தான் அது கடைக்கு வந்தது. இடையில், 2023 பிப்ரவரியில், முதல் மெட்ராய்ட் பிரைமை மெருகேற்றி ஸ்விட்ச்சுக்குக் கொடுத்தார்கள். அதுவரை தொடரின் பெயரையே அறியாதவர்கள், அடுத்த பாகம் வரும் முன் முதல் பாகத்தை ஆடிவிட வழி பிறந்தது. சிறு குழுவுக்கும் இந்த வரிசையைத்தான் பரிந்துரைப்பேன்: பெரும்பாலானோர் போர்ட்டில் இருக்க, ஓரிருவர் மட்டும் அடுத்த பாகத்தின் அந்த ஓர் எண்ணத்தைத் தற்காலிக உருவங்களை வைத்து ஓட்டிப் பார்க்கட்டும். போர்ட் முடியும்போது புதிய கன்சோலின் நெளிவுசுளிவுகள் குழுவுக்குப் பழகியிருக்கும். எழுதிய நிரலில் பெரும்பகுதி அடுத்த பாகத்துக்கும் உதவும்.

போர்ட் வெளியான வாரத்திலேயே, வேறு வேலைக்கு ஆட்கள் கலைவதற்குள், அந்த நிரலையும், அதை ஓடக்கூடிய விளையாட்டாக மாற்றப் பயன்பட்ட கம்பைலர் மென்பொருளின் அதே பதிப்பையும், மாற்றுவதற்கு முந்தைய மூலப் படங்களையும் ஒலிகளையும், உரிம ஒப்பந்தங்களின் நகல்களையும் ஒன்றாகச் சேர்த்து இரண்டு வெவ்வேறு இடங்களில் வையுங்கள். பிறகு இந்த வேலையில் பங்கேற்காத ஒருவரை அழைத்து, அந்தச் சேமிப்பை மட்டும் கையில் கொடுத்து, விளையாட்டை உருவாக்கி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள். அவர் எங்கே திணறுகிறாரோ அந்த இடத்தில் என்ன விடுபட்டது என்று பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.